காளான் விளக்கின் தொப்பிக்குள்

ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். திரும்பும் வழியில் தெருவோரக் கடை ஒன்றில் என் மகள் ஒரு காளான் விளக்கைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்துவிட்டாள். நீலத் தொப்பி, வெள்ளைக் காம்பு, அடியில் பச்சைப் பிளாஸ்டிக் புல், முதுகில் இரண்டு பித்தளைக் கம்பிகள். கடைக்காரர் அதைத் தம்முடைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிக் காட்டினார். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் மாறி மாறி எரிந்தது. விலை 60 ரூபாய். பேரம் பேசாமல் வாங்கிக் கொடுத்தேன்.

படுக்கையறையில் கட்டிலை ஒட்டிய சுவிட்ச் போர்டில் அதைச் செருகினேன். பத்து நாள் ஆகியிருக்கும். நள்ளிரவில் மகள் என்னை எழுப்பினாள். அவள் கையில் காளானின் தொப்பி இருந்தது. தொட்டுப் பார்த்தபோது கழன்று வந்துவிட்டது என்று அழுதாள். சுவரைப் பார்த்தேன். தொப்பி இழந்த அடிப்பாகம் பிளக் பாயிண்டிலேயே இருந்தது. நடுவில் எல்இடி இன்னும் நிறம் மாறிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் சர்க்யூட் போர்டு தெரிந்தது. ஈயப் பற்றுகள் தெரிந்தன. இரண்டு கம்பிகளும் போர்டில் பற்றவைக்கப்பட்ட இடம்கூடத் தெளிவாகத் தெரிந்தது. கழன்ற தொப்பியை மறுபடி பொருத்திவிடலாம் என்று இரண்டு மூன்று முறை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தேன் என்றாள். அவளுக்கு நான்கு வயது.

சுவிட்சை அணைத்தேன். அவளை மடியில் போட்டுக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நான் ஒரு பாலிடெக்னிக்கின் மின்னணுவியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். எந்தக் கருவியையும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நம்பக்கூடாது என்று பதினான்கு ஆண்டுகளாக மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். அந்தக் காளானை நான் புரட்டிக்கூடப் பார்க்காமல் என் குழந்தையின் தலைமாட்டில் செருகியிருந்தேன். அந்த உறுத்தல்தான் இதை எழுத வைக்கிறது.

எங்கள் வீட்டில் இதற்கு விடிவிளக்கு என்று பெயர். விடியும்வரை எரிவது. பாட்டி காலத்தில் அரிக்கேன் விளக்கின் திரியை இறக்கிக் கதவோரம் வைத்திருப்பார்கள். பிறகு ஜீரோ வாட் பல்பு வந்தது. பெயரில்தான் ஜீரோ, அது எடுத்துக்கொண்டது 12 முதல் 15 வாட் வரை. 15 வாட் பல்பை இரவுக்குப் பத்து மணி நேரம் எரித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 55 யூனிட் ஆகிவிடும். எங்கள் காளான் போன்ற எல்இடி விடிவிளக்கு கால் வாட் எடுத்தாலே அதிகம். ஆண்டு முழுவதும் அதே பத்து மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. இருட்டில் எழுந்து நடக்கும் முதியவர்களுக்கும், இருட்டுக்குப் பயப்படும் பிள்ளைகளுக்கும் இந்தச் சின்ன வெளிச்சம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும். அதனால் இந்த விளக்குகளே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை.

அடுத்த இரண்டு வாரங்களில் ஐந்து விளக்குகளைச் சேர்த்தேன். எங்கள் காளான், ஒரு பிறைநிலா, ஒரு ரோஜாச் செண்டு, இருட்டினால் தானாக எரியும் சதுர விளக்கு ஒன்று, பக்கத்து வீட்டு அக்கா கொண்டுவந்து கொடுத்த பிள்ளையார். 40 ரூபாயிலிருந்து 150 ரூபாய்க்குள் விற்பவை. ஆய்வகத்தில், வெளி மின்கம்பியோடு நேரடித் தொடர்பில்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக மட்டுமே அவற்றுக்கு மின்சாரம் கொடுத்துச் சோதித்தேன். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில், திறந்த விளக்கைச் சுவரில் செருகிப் பார்க்க யாரும் முயல வேண்டாம்.

காளானின் வயிற்றில் அதிகம் ஒன்றுமில்லை. புளியங்கொட்டை அளவில், சிவந்த பழுப்பு நிறத்தில் ஒரு மின்தேக்கி, அதாவது கெப்பாசிட்டர். அதன்மேல் ‘224ஜே 400வி’ என்று அச்சு. ஒரு 100 ஓம் மின்தடை, அதாவது ரெசிஸ்டர். நான்கு 1என்4007 டையோடுகள். 16 வோல்ட் தாங்கும் சிறிய எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி ஒன்று. பிறகு அந்த எல்இடி. அவ்வளவுதான்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். எல்இடிக்கு வேண்டியது மூன்று வோல்ட்டை ஒட்டி. இடையில் இருப்பதை எங்கே கரைப்பது? மொபைல் சார்ஜரில் இருப்பதுபோல் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். அதற்குக் காசும் இடமும் வேண்டும். வெறும் மின்தடை வைக்கலாம். 15 மில்லியாம்பியர் ஓடினால் மூன்றரை வாட் வெப்பமாகும், காளானின் தொப்பி இளகிவிடும். மலிவான மூன்றாவது வழி மின்தேக்கி. மாறுதிசை மின்சாரத்தில் மின்தேக்கியும் ஓட்டத்தைத் தடுக்கும், ஆனால் மின்தடையைப்போலச் சூடாகாது. காளானில் இருக்கும் 0.22 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, நம் ஊரின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு ஏறக்குறைய 14,500 ஓம் தடையாக நிற்கும். 230ஐ அதால் வகுத்தால் 16 மில்லியாம்பியர் வரும். எல்இடி எரிய அது தாராளம். டையோடுகள் நான்கும் மின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்புகின்றன, எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி அதன் துடிப்பைத் தணிக்கிறது. பழுதுபார்ப்பவர்கள் இதைக் கெப்பாசிட்டர் டிராப்பர் என்பார்கள். கெட்டிக்காரத்தனமான சுற்று. மலிவான எல்இடி பல்புகள் பலவற்றுக்குள்ளும் இதுதான் இருக்கிறது.

டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றில் வீட்டு மின்சாரம், மற்றொன்றில் குறைந்த மின்சாரம். இரண்டையும் இணைக்கும் கம்பி கிடையாது. காந்தப்புலம் மட்டுமே கடந்து போகிறது. மின்தேக்கிச் சுற்றில் அப்படிப்பட்ட பிரிவு இல்லவே இல்லை. எல்இடி, டையோடு, ஈயப்பற்று எல்லாம் சுவருக்குள் வரும் கம்பியின் நீட்சி. எல்இடியின் இரு கால்களுக்கு நடுவே மூன்று வோல்ட்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலுக்கும் நாம் நிற்கும் தரைக்கும் நடுவே 230 வோல்ட் இருக்கலாம்.

16 மில்லியாம்பியர்தானே, மின்தேக்கிதான் தடுத்து நிற்கிறதே என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. முதலில், 16 மில்லியாம்பியர் சிறியதில்லை. உடலில் ஏறக்குறைய 10 மில்லியாம்பியர் ஓடினாலே தசைகள் இறுகி, பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். குழந்தைகளுக்கு அந்த எல்லை இன்னும் கீழே. அடுத்தது, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்த விளக்கில் எர்த் கம்பி இல்லை, இரண்டு கம்பிகள் மட்டும். அதை எந்தப் பக்கமாகவும் செருகலாம். ஒரு பக்கமாகச் செருகினால் மின்தேக்கி, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியின் வழியில் நிற்கும். தலைகீழாகச் செருகினால் மின்தேக்கி நியூட்ரல் பக்கம் போய்விடும். ஃபேஸ் நேராக டையோடுக்கும் எல்இடிக்கும் வரும். அப்போது அந்தக் காலைத் தொடுபவருக்கும் ஃபேஸுக்கும் நடுவே ஒரு டையோடைத் தவிர வேறெதுவும் இல்லை. விளக்கு இரண்டு விதத்திலும் ஒரேபோல எரியும். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. அன்று இரவு எங்கள் சுவரில் அது எந்தப் பக்கமாக இருந்தது என்று எனக்குத் தெரியாது. பதற்றத்தில் பிடுங்கி எறிந்துவிட்டேன்.

அப்படியென்றால் இந்த விளக்கில் உயிரைக் காப்பது அந்த மெல்லிய பிளாஸ்டிக் ஓடு மட்டும்தான். இதைப் புரிந்துகொண்டபின் எனக்கு விளக்கின் சுற்றைவிட அதன் ஓட்டின்மேல்தான் கவனம் போனது. காளானின் தொப்பியைப் பிடித்துவைத்திருந்தவை நகக்கண் அளவுள்ள இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள். ஒன்று எப்போதோ முறிந்திருந்தது. திருகாணி கிடையாது, பசை கிடையாது. பிறைநிலாவின் இரு பாதிகளையும் கட்டைவிரலால் அழுத்தியே பிரித்தேன். ரோஜாவில் எல்இடியின் தலை இதழ்களுக்கு நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதை ஆட்டினால் உள்ளே போர்டும் சேர்ந்து ஆடியது. ஐந்தில் ஒன்றுதான், அந்தச் சதுர விளக்கு, கத்தியால் நெம்பினாலும் பிரியாதபடி உருக்கி ஒட்டப்பட்டிருந்தது. அதைத் திறக்க இரும்பறுக்கும் வாளால் விளிம்பைச் சுற்றி அறுக்க வேண்டியிருந்தது. அறுக்கும்போது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. யாரோ ஒருவர் ஒரு குழந்தையின் விரலை நினைத்து அதைச் செய்திருக்கிறார்.

பிளக் பாயிண்டில் நேரடியாகச் செருகும் விடிவிளக்குகளுக்கென்றே ஐஇசி 60598-2-12 என்று ஒரு சர்வதேசத் தரநிலை இருக்கிறது. விளக்குகளுக்கான பொதுத் தரநிலை, 650 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய கம்பியைப் பிளாஸ்டிக்கில் அழுத்தி எடுத்து, பற்றிய தீ 30 நொடிக்குள் அணைகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. என் மேசையில் இருந்த ஐந்தில் நான்கு விளக்குகளில் எந்தத் தரநிலையின் எண்ணும் இல்லை. வோல்ட் எவ்வளவு, வாட் எவ்வளவு என்றுகூட அச்சிடவில்லை. சதுர விளக்கின் முதுகில் மட்டும் இருந்தது.

பிடுங்கிய பிறகும் மின்சாரம் இருக்கும் என்பதைப் பலர் நம்புவதில்லை. மின்தேக்கி தன்னிடம் இருக்கும் மின்னூட்டத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் 230 வோல்ட்டின் உச்சம் 325 வோல்ட். எந்தக் கணத்தில் பிடுங்குகிறோமோ அந்தக் கணத்தின் மின்னழுத்தம் அதில் தங்கிவிடும். காளானைப் பிடுங்கி, அதன் இரண்டு கம்பிகளிலும் மல்டிமீட்டரை வைத்தேன். ஒருமுறை திரையில் 40 என்று வந்தது. இன்னொரு முறை 280 என்று தோன்றி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 200, 150, 90 என்று சரிந்தது. அது வடிந்தது மல்டிமீட்டர் வழியாகத்தான். மீட்டர் இல்லாவிட்டால் இன்னும் நெடுநேரம் இருந்திருக்கும். இதைத் தடுக்க மின்தேக்கிக்குக் குறுக்கே ஒரு மெகாஓம் மின்தடை ஒன்றைப் போட்டால் போதும். ஒரு நொடிக்குள் அழுத்தம் சில வோல்ட்டுக்கு இறங்கிவிடும். சில பைசா விலையுள்ள பொருள் அது. காளானின் போர்டில் அதற்கான இடம் விடப்பட்டிருந்தது, இரண்டு துளைகளுடன். பொருளைத்தான் போடவில்லை.

அந்த மின்னூட்டம் ஆளைக் கொல்லாது. ஆனால் சுள்ளென்று இழுக்கும். நாற்காலியில் ஏறி நின்று பிடுங்குபவர் திடுக்கிட்டால் விழுந்துவிடுவார்.

அடுத்து அந்த மின்தேக்கி. 400வி என்று அதில் போட்டிருப்பது நேர்திசை மின்சாரத்துக்கான அளவு. 325 வோல்ட் உச்சம் தொடர்ந்து ஏறி இறங்க, மோட்டார் ஓடி நிற்கும்போதும் இடி மின்னலின்போதும் அதற்கு மேலும் பாய, அது எத்தனை நாள் தாங்கும்? மின்கம்பிகளுக்குக் குறுக்கே வைப்பதற்கென்றே எக்ஸ்2 என்ற வகை இருக்கிறது. பெரும்பாலும் மஞ்சள் நிறச் சிறிய பெட்டி. மேலே 275 வோல்ட் ஏசி என்றும் எக்ஸ்2 என்றும் சோதனைச் சின்னங்களுடன் அச்சிட்டிருக்கும். 2,500 வோல்ட் வரையிலான மின்பாய்ச்சலைக் கொடுத்துச் சோதித்த பிறகே அந்தப் பெயர் கிடைக்கும். உள்ளே எங்காவது ஒரு புள்ளியில் ஓட்டை விழுந்தால், அந்த இடத்து உலோகப்படலம் ஆவியாகி ஓட்டை தானே அடைபட்டுவிடும். ஒவ்வொரு முறையும் கொள்ளளவு கொஞ்சம் குறையும். அதனால் சில ஆண்டுகளில் விளக்கு மங்கும். மங்கிச் சாகும் விளக்கு நல்ல விளக்கு. சென்னை ரிச்சி தெருவில் சில்லறையாகவே எக்ஸ்2 கிடைக்கிறது. நானே பத்து வாங்கிவைத்திருக்கிறேன்.

எக்ஸ்2 இல்லாத மின்தேக்கி ஷார்ட் ஆகிவிட்டால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 230 வோல்ட் முழுவதும் அந்த 100 ஓம் மின்தடைமேல் விழும். 500 வாட்டுக்கும் மேல். கால் வாட்டுக்காகச் செய்த பொருள் அது. நல்ல விளக்கில் அந்த இடத்தில் தீப்பிடிக்காத, ஃபியூஸ்போல அறுந்துபோகும் மின்தடையைப் போடுவார்கள். காளானில் இருந்தது சாதாரணக் கார்பன் மின்தடை, அதுவும் தொப்பியின் பிளாஸ்டிக்கை உரசிக்கொண்டு.

எல்இடி பழுதானாலும் ஆபத்து வேறு வழியில் வரும். எல்இடி அறுந்துபோனால் மின்சாரத்துக்குப் போக இடமில்லை. 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியில் போய்ச் சேரும், மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அது தாங்காமல் உப்பி, தலை வெடித்துப் புகையும். விளக்கு எரியவில்லை, அணைந்துதானே கிடக்கிறது என்று சுவரிலேயே விட்டுவைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எரியாத விடிவிளக்கை அன்றே பிடுங்கிவிடுங்கள்.

பிள்ளையாரில் மின்தேக்கியே இல்லை. ஒரு டையோடு, ஒரு 47 கிலோஓம் மின்தடை, ஓர் எல்இடி. கால் வாட் மின்தடையில் அரை வாட்டுக்கு மேல் வெப்பம். மின்தடையைச் சுற்றிப் போர்டு வறுத்த அப்பளம்போலக் கருகியிருந்தது. அக்கா அதை மூன்று ஆண்டுகளாகப் பூஜை அறையில் எரியவிட்டிருக்கிறார். பக்கத்திலேயே பஞ்சுத்திரிப் பொட்டலம் இருக்குமாம்.

சுற்றைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் பின்பக்கக் கம்பிகளை மறந்துவிடுவோம். ஐஎஸ் 1293 தரநிலைப்படி செய்த நம் ஊர் 6 ஆம்பியர் பிளக்கின் கம்பி ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தடிமன். பிறைநிலாவின் கம்பியை வெர்னியரில் அளந்தேன்: 4 மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவு அது. நம் பிளக் பாயிண்டில் இடம் கொடுத்து ஆடும். விளக்கின் எடையாலேயே தலை குனிந்து, பாதி வெளியே வந்து நிற்கும். அப்போது சுவருக்கும் விளக்குக்கும் நடுவே மின்சாரம் உள்ள பித்தளை தெரியும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தொடர்பு விட்டு விட்டு ஒட்டும்; ஒட்டும் கணத்தில் சில ஆம்பியர் வரை ஒரு துடிப்பு உள்ளே பாயும். இந்த விளக்குகளில் எல்இடி சீக்கிரம் சாவதற்கு அதுவும் ஒரு காரணம். ரோஜாவுக்குத் தட்டைக் கம்பிகள்; அதைச் செருக ஒரு கன்வெர்ட்டர் வேண்டியிருந்தது.

புதிய பிளக் பாயிண்டுகளில் குழந்தைகளின் விரலும் கம்பியும் போகாதபடி உள்ளே தடுப்பு வைத்திருக்கிறார்கள். பலவற்றில் எர்த் துளையில் நீளமான கம்பி நுழைந்தால்தான் தடுப்பு திறக்கும். இரட்டைக் கம்பி விளக்கைச் செருக நாம் என்ன செய்கிறோம்? பேனாவையோ ஸ்குரூ டிரைவரையோ எர்த் துளையில் விட்டு அழுத்திக்கொண்டே விளக்கைச் செருகுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். கட்டிலில் உட்கார்ந்து என் மகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராஜபாளையத்தில் அம்மா வீட்டுக்குப் போனபோது இன்னொன்றைக் கண்டேன். சுவிட்சை அணைத்த பிறகும் அங்கிருந்த விடிவிளக்கு மின்மினிபோல மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. கரண்ட் மிச்சம் பிடிக்கும் விளக்கு என்று அம்மா நினைத்திருந்தார். டெஸ்டரை வைத்துப் பார்த்ததில், வயரிங் செய்தவர் சுவிட்சை நியூட்ரல் கம்பியில் போட்டிருந்தது தெரிந்தது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஃபேஸ் எப்போதும் பிளக் பாயிண்டில் இருக்கும். சுவிட்சில் பொருத்திய சிறு சிவப்பு விளக்காலும் இப்படி மினுக்கும் என்பதால் ஒவ்வொரு மினுக்கலும் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் அணைத்த விளக்கு மினுக்கினால் ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவைக் கண்டு மின்சாரத்தை நிறுத்தும் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இருக்கிறதே என்று நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உடலின் வழியே தரைக்கு 30 மில்லியாம்பியர் ஒழுகினால் அது அணைக்கும், பல உயிர்களைக் காத்திருக்கிறது, கட்டாயம் வேண்டும். இரண்டு விரல்கள் ஒரே நேரத்தில் ஃபேஸையும் நியூட்ரலையும் தொட்டால் அதற்கு எதுவும் தெரியாது. திறந்த விளக்கில் அந்த இரண்டும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன.

இப்போது கடையில் விடிவிளக்கைக் கையில் எடுத்தால் எரியவைத்துப் பார்ப்பதற்கு முன் ஓட்டைத் திருகிப் பார்க்கிறேன். நெகிழ்ந்தால் வைத்துவிடுவேன். குலுக்கிப் பார்க்கிறேன், உள்ளே எதுவும் ஆடக்கூடாது. கம்பிகள் தடிமனாக, வேரூன்றியதுபோல நிற்க வேண்டும். பொம்மைபோல் இருக்கும் விளக்கைக் குழந்தை பொம்மை என்றே நினைக்கும், இழுக்கும், கடிக்கும். அதனால் நேராகச் சுவரில் செருகும் பொம்மை விளக்கைக் குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பதே இல்லை. அக்காவுக்குப் பிள்ளையாரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மண் அகலுக்குள் வைக்கும் பேட்டரி விளக்கு ஒன்றைக் கொடுத்தேன்.

காளானைத் தூக்கிப்போட மகள் விடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் உட்பொருள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். பின்பக்கக் கம்பிகளை அறுத்து, துளையை எபாக்ஸியால் அடைத்தேன். உள்ளே இளமஞ்சள் கலந்த வெள்ளை ஒளி தரும் எல்இடி ஒன்று, 390 ஓம் மின்தடை, இரண்டு மீட்டர் யுஎஸ்பி வயர். அலமாரியின் உச்சியில், அவள் கைக்கு எட்டாத பிளக் பாயிண்டில், தரச்சின்னம் உள்ள ஒரு மொபைல் சார்ஜர். காளானுக்கு வருவது 5 வோல்ட் மட்டும். முதல் இரவு வெளிச்சம் அதிகமாக இருந்தது, 5 மில்லியாம்பியர்தான் ஓடியது என்றாலும். மின்தடையை 1.5 கிலோஓமாக மாற்றினேன். இப்போது ஒன்றரை மில்லியாம்பியரை ஒட்டி ஓடுகிறது. கண்ணைக் கூசாமல், தலையணையின் விளிம்பு மட்டும் தெரியும் அளவுக்கு எரிகிறது.

நிறம் மாறவில்லையே என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காளானைக் கட்டிலுக்கு எடுத்துப்போய், தொப்பியின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிவிட்டாள். வயரைத் தலையணைக்கு அப்பால் ஒதுக்கிவிட்டு நானும் படுத்தேன்.